வீட்டுக் கூடத்திலேயே வளைகாப்பு: பூ, புடவை, வளையல் கொண்டு அலங்கரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் வளைகாப்புக்கு மண்டபம் பிடிப்பவர்கள் ஒரு பக்கம் இருக்க, வீட்டுக் கூடத்திலேயே நாற்பது ஐம்பது பேரை அழைத்து முடித்துக்கொள்ளும் குடும்பங்களும் நிறைய. அலங்காரத்தைக் காண்ட்ராக்டில் விட்டால் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே பிளாஸ்டிக் பூச்சுவர், அதே தெர்மாகோல் எழுத்து. நாமே செய்தால் செலவு குறையும் என்பதை விட, அது நம் வீட்டு விசேஷமாகத் தெரியும் என்பதுதான் முக்கியம். ஆனால் நாமே செய்யும்போது கணக்கு தப்பினால் காலை ஏழு மணிக்கு ஒருத்தர் ஸ்டூல் மேல் நிற்பார், ஒருத்தர் டேப் தேடுவார், கர்ப்பிணிப் பெண் தலைக்குப் பூ வைக்க ஆள் இருக்காது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கணக்கில் போகிறது: சுமார் 12க்கு 15 அடிக் கூடம், 40 பெண்கள், காலை 9 முதல் 10.30க்குள் வளையல் அடுக்குதல். உங்கள் வீடு சின்னது என்றால் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

நேரம், இடம், பிறகுதான் பூ

நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் எந்தப் பூ வாங்குவது என்பதே நேரத்தைப் பொறுத்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ராகுகாலம் மாலை 4.30 முதல் 6, எமகண்டம் பகல் 12 முதல் 1.30. காலை முழுக்கக் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வைத்தால் 10.30க்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் முடிக்க அலங்காரம் எட்டரைக்கே தயாராக இருக்க வேண்டும். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகுகாலம், 10.30 முதல் 12 வரை எமகண்டம். நடுவில் ஒன்றரை மணி நேரம்தான்.

காலண்டரில் அது கல்யாண முகூர்த்த நாளா என்றும் பாருங்கள். முகூர்த்த நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் கோயம்பேட்டில் மல்லி விலை கன்னாபின்னாவென்று ஏறும். கண்ணாடி வளையலை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம், பூவை அப்படி வைக்க முடியாது.

அடுத்தது, கூடத்தில் எந்தச் சுவர். வருகிறவர்கள் வாசலில் நுழைந்ததும் எதிரே தெரியும் சுவர்தான் நல்லது என்று எல்லாரும் நினைப்பார்கள். அந்தச் சுவரில் ஜன்னல் இருந்தால் வேண்டாம். பின்னாலிருந்து வெளிச்சம் வந்து போட்டோவில் முகம் கறுத்துவிடும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரோ பக்கச்சுவரோ சரி. கர்ப்பிணி உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே ஃபேன் இருக்கக் கூடாது. அவர் தலைக்கு மேல் ஃபேன் சுற்றினால் சரங்கள் ஆடி ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும், குத்துவிளக்கும் நிற்காது. ஆனால் காற்றில்லாமல் அவரை உட்கார வைக்கவும் கூடாது. பக்கவாட்டில் ஒரு டேபிள் ஃபேனை இடுப்பு உயரத்தில் சுழலவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

நாற்காலி கைப்பிடியும் நேர் முதுகும் உள்ளதாக இருக்கட்டும். மணையில் உட்கார வைப்பதுதான் முறை என்று பெரியவர்கள் சொன்னால், மணையைக் காலடியில் போட்டு அதன்மேல் பாதம் வைக்கச் சொல்லுங்கள். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து எழுவது லேசான காரியம் இல்லை.

அலங்காரத்தை அந்த ஒரு சுவர், நிலைவாசல், ஒரு உருளி என்று மூன்று இடத்தோடு நிறுத்துங்கள். கூடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் தொங்கவிட்டால் எதுவும் கண்ணில் நிற்காது.

அவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

விசேஷம் யாருக்கோ அவரிடம் எந்த வாசனை ஒத்துக்கொள்கிறது என்று கேளுங்கள். கர்ப்ப காலத்தில் வாசனை பலருக்குக் குமட்டும். சம்பங்கி, தாழம்பூ, மரிக்கொழுந்து மூன்றும் மூடின அறையில் தலையைப் பிடிக்கும். மல்லியே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அப்படியென்றால் தலைக்கு வாசனையே இல்லாத கனகாம்பரம் வையுங்கள், சுவருக்குச் செண்டுமல்லியும் சாமந்தியும் போதும், ஊதுவத்தியைப் பூஜை அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதைக் கேட்காமல் செய்யும் அலங்காரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்கு அது ஒரு மணி நேரத் தண்டனை.

பின்திரை: அம்மாவின் பட்டுப்புடவை

வாடகைத் துணிக்குப் பதில் வீட்டுப் பெண்களின் புடவைகளையே பின்னால் கட்டுவது, நம் குடும்பத்துக்கே உரிய அலங்காரத்தில் முதல் இடம் பெறும். பாட்டியின் புடவை ஒன்று, அம்மாவுடையது ஒன்று, மாமியாருடையது ஒன்று என்று கட்டினால் வருகிற பெரியம்மா சித்தி எல்லாரும் அந்தப் புடவையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

கணக்கு இதுதான். புடவை நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. அகலம் சுமார் 4 அடி. கம்பின்மேல் சரிபாதியாக மடித்துப் போட்டால் இரண்டு பக்கமும் 9 அடி விழும். 7 அடி உயரத்தில் கம்பு என்றால் அடியில் 2 அடி மிச்சம் வரும். அதை உள்பக்கமாக மடித்துவிட்டால் கீழே மிதிபடாது. 8 அடி அகலத்துக்கு இரண்டு புடவை விரைப்பாக நிற்கும். கொஞ்சம் கொசுவம் வைத்து விழ வேண்டும் என்றால் மூன்று. பாதியாகத்தான் மடிக்க வேண்டும். ஒரு பக்கம் நீளமாக விட்டால் பட்டு வழுக்கிக்கொண்டு கனமான பக்கம் இறங்கிவிடும். கம்பின்மேல் முதலில் பழைய காட்டன் வேட்டியைச் சுற்றிவிட்டால் வழுக்காது, கம்பின் சிலாம்பும் பட்டை இழுக்காது.

பட்டில் குண்டூசி குத்தாதீர்கள், பழைய பட்டு குத்திய இடத்திலிருந்தே கிழியும். துணிக் கிளிப்பின் பல்லுக்கு அடியில் சின்னத் துணித்துண்டு வைத்துக் கவ்வ விடுங்கள். பூச்சரம் புடவையைத் தொடக் கூடாது, நாலு விரல் இடைவெளி வேண்டும். பூவின் ஈரம் பட்டால் பட்டில் வட்டம் வட்டமாகக் கறை நிற்கும், பன்னீர் தெறித்தால் ஜரிகை கறுக்கும். அதனால் புடவைக்கு ஒரு கம்பு, பூவுக்கு முன்னால் இன்னொரு கம்பு. ஒரே கம்பில் இரண்டையும் கட்டுவதுதான் பொதுவாக நடக்கும் தப்பு.

கம்பு நிறுத்துவது

வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாது. ஒட்டும் ஹூக் டிஸ்டெம்பர் சுவரில் நிற்காது, சென்னைப் புழுக்கத்தில் இரவோடு இரவாகப் பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு விழும். சுவரை நம்பாமல் தரையில் நிற்கும் சட்டமாகச் செய்யுங்கள்.

8 அடிச் சவுக்குக் கம்பு இரண்டு, குறுக்கே போட 9 அடிக் கம்பு இரண்டு, 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் இரண்டு, அவற்றை நிரப்ப எம்-சாண்ட் அல்லது ஆற்று மணல். நிரப்பினால் ஒரு பக்கெட் சுமார் 30 கிலோ கனக்கும், ஆகவே பக்கெட்டை இடத்தில் வைத்துவிட்டு அங்கேயே மணலைக் கொட்டுங்கள். கம்பை ஒரு அடி ஆழம் இறக்கி, சுற்றிலும் செங்கல் துண்டு செருகி, பிறகு மணல். மணல் மட்டும் போட்டால் கம்பு மெல்லச் சாயும். மணலை லேசாக நனைத்துக் குத்திவிட்டால் இறுகும். குறுக்குக் கம்பைச் சணல் கயிற்றால் பெருக்கல் குறி போலச் சுற்றிக் கட்டுங்கள். பூக்கம்பு முன்னால், புடவைக் கம்பு பின்னால். நிற்கும் கம்பே இரண்டுக்கும் நடுவில் இடைவெளி கொடுத்துவிடும்.

பிவிசி பைப் மலிவு, ஆனால் 8 அடி நீளத்தில் ஐந்தாறு கிலோ பூவைத் தாங்கி நேராக நிற்காது, நடுவில் வளையும். வளைந்தால் சரங்கள் நடுவுக்கு நகர்ந்து கூடும். ஜன்னல் திரைக் கம்பி அதைவிட மோசம். இன்னொன்று, 9 அடிக் கம்பு ஃபிளாட் லிஃப்டில் ஏறாது. மாடிப்படி வளைவில் திரும்புமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். திரும்பாது என்றால் நாலரை அடித் துண்டு இரண்டை ஒன்றரை அடி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சேர்த்துக் கட்டலாம். நீளம் ஏழரை அடியாகக் குறையும், அதற்கேற்ப பக்கெட்டை நெருக்கி வையுங்கள்.

பக்கெட்டை மறைக்க வாழைக்கன்று ஒன்றொன்று செருகினால் அதுவே வாழைமரம் கட்டின மாதிரியும் ஆகிவிடும்.

எவ்வளவு பூ

சுவர் முழுக்கப் பூவால் மூடுவது எங்களுக்குப் பிடித்தமில்லை. புடவையே மறைந்துபோகும், கனமும் இரட்டிப்பாகும். இரண்டு ஓரமும் மேலே வளைவும் போதும்.

ஒவ்வொரு பக்கமும் ஐந்து சரம், வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே 6, 5, 4, 3, 2 அடி. ஒரு பக்கத்துக்கு 20, இரண்டுக்கும் 40 அடி. மேலே மூன்று வளைவாகத் தொங்க 12 அடி. மொத்தம் 52 அடி. பெரிய செண்டுமல்லியை நெருக்கமாகக் கோர்த்தால் அடிக்குப் பத்துப் பூ பிடிக்கும், ஒரு கிலோவில் ஏறக்குறைய 10 அடி வரும். நசுங்கினது, காம்பு உடைந்தது போக 6 கிலோ வாங்கினால் தாராளம். மஞ்சள் 3, ஆரஞ்சு 3. சின்னப் பூ வந்தால் அதே கிலோவில் நீளம் கூடும், ஆனால் கோர்க்கும் நேரமும் கூடும்.

இது தவிர வேண்டியவை:

உருளிக்குச் சாமந்தி அரைக்கிலோ, தாமரை மொட்டு 3.
நிலைவாசலுக்கு மாவிலை 25, அதில் 18 தேறும்.
வருபவர்களுக்குத் தலைப்பூ, ஆளுக்கு அரை முழம் என்றால் 20 முழம், கூட 5 முழம் கையிருப்பு.
கர்ப்பிணிக்கு மட்டும் தலைக்கு 4 முழம், கழுத்துக்கு ஒரு மாலை.
உதிரி ரோஜா அரைக்கிலோ, தட்டுகளுக்கு.

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, சுமார் ஒன்றரை அடி. கட்டுகிறவர் கைதான் அளவு என்பதால் ஆளுக்கு ஆள் மாறும். 25 முழமாக வாங்கும்போது தெருமுனைப் பூக்காரம்மாவிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவைப்பது நல்லது. அவர் மார்க்கெட் விலையில் உதிரி எடுத்து நெருக்கமாகக் கட்டித் தருவார். காலையில் போய் நின்றால் இருப்பதைத் தள்ளித் தள்ளிக் கட்டித் தருவார்.

கோயம்பேட்டில் வாங்கும்போது

பூ மார்க்கெட்டுக்கு இரவிலேயே லோடு வந்து இறங்கத் தொடங்கும். நிலக்கோட்டை மல்லி, ஓசூர் ரோஜா, ராயக்கோட்டைப் பக்கத்துச் செண்டுமல்லி எல்லாம் அங்கேதான் சேரும். சனிக்கிழமை விடியற்காலை போனால் ஞாயிறு விசேஷத்துக்கான செண்டுமல்லி, சாமந்தி, ரோஜா வாங்கிவிடலாம். பகலுக்கு மேல் போனால் மிச்சம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது அன்றைக்கே பயன்படுத்த வேண்டிய சரக்கு. பாரிமுனைப் பக்கம் வீடு என்றால் அங்குள்ள பூக்கடைப் பகுதியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

செண்டுமல்லியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். காம்புக்கு மேலே பச்சைக் கிண்ணம் கெட்டியாக, பச்சையாக இருக்க வேண்டும். அங்கே கறுத்து ஈரமாக இருந்தால் தண்ணீர் தெளித்து வைத்த பழைய பூ, மறுநாள் காலை இதழ் கொத்துக் கொத்தாக உதிரும். மூட்டைக்குள் கை விட்டுப் பாருங்கள், உள்ளே சூடாக இருந்தால் வாங்காதீர்கள். பூ மூச்சு விடும், மூட்டையில் அமுக்கி வைத்தால் அந்தச் சூட்டிலேயே வேகும். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் கவரிலிருந்து கொட்டிப் பரப்பச் சொல்வதும் அதனால்தான்.

நீலம், கரும்பச்சை என்று சாயம் ஏற்றின சாமந்தி கண்ணைப் பறிக்கும். நனைந்தால் சாயம் இறங்கும். பட்டுப்புடவை இருக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

மல்லி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விடிகாலையில் மொட்டாகப் பறிக்கும் மல்லி அன்று மாலை ஆறேழு மணிக்கு மேல்தான் விரியும். காலை 9 மணி விசேஷத்துக்கு முந்தின நாள் மல்லியைக் கட்டி வைத்தால் இரவே விரிந்து, காலையில் ஓரம் பழுத்திருக்கும். அன்று காலை வந்த மொட்டைக் கட்டினால் வெள்ளை வெளேரென்று மணிமணியாக நிற்கும், வாசனை குறைவு. காலை விசேஷத்துக்கு மொட்டு மல்லியோடு கொஞ்சம் கனகாம்பரம் சேர்த்துக் கட்டின சரம் பொருத்தம். மாலை விசேஷம் என்றால் மல்லிக்கு ஈடு கிடையாது. விருந்தாளிகள் வரும் நேரத்தில்தான் அது விரியத் தொடங்கும். மார்கழி, தை பனியில் மல்லி வரத்து குறைந்து விலை எட்டாத உயரத்துக்குப் போகும். அப்போது காக்கடாவையோ கனகாம்பரத்தையோ பாருங்கள்.

கட்டின மல்லியை ஈரக் கையால் திரும்பத் திரும்பத் தொட வேண்டாம், தொட்ட இடம் பழுப்பாகும். வாழையிலையில் சுருட்டி, நார் கட்டி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். ஃபிரிட்ஜ் என்றால் காய்கறி டிரே மட்டும். ஃபிரீசருக்கு அடியில் வைத்தால் குளிர் பட்டு இதழ் கண்ணாடி மாதிரி ஆகி, வெளியே எடுத்ததும் கறுக்கும்.

செண்டுமல்லி கோர்ப்பது

சனிக்கிழமை மாலை நாலு பேர் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் முடியும்.

1. காம்பை முழுக்கக் கிள்ளாதீர்கள், கால் அங்குலம் விடுங்கள். ஒட்டக் கிள்ளினால் கிண்ணம் திறந்து இதழ் கொட்டும்.

2. பூக்கட்டும் பருத்தி நூலை இரட்டையாக எடுங்கள். சரத்தின் நீளத்தை விட ஒன்றரை அடி கூடுதலாக வெட்டுங்கள், அது கம்பில் கட்ட. நைலான் நூல் வழுக்கி முடிச்சு அவிழும். கனமான சரத்தில் அதுவே கிண்ணத்தை அறுக்கவும் செய்யும்.

3. நூல் நுனியில் முதலில் ஒரு மாவிலைத் துண்டையோ காம்புத் துண்டையோ கட்டுங்கள். வெறும் முடிச்சு மட்டும் போட்டால் மேலேயுள்ள பூக்களின் கனத்தில் கடைசிப் பூ கிழிந்து, சரம் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

4. மாலை கட்டும் நீள ஊசியைக் கிண்ணத்தின் நட்ட நடுவில் குத்தி, பூவின் முகம் வழியே எடுங்கள். ஓரமாகக் குத்தினால் பூ ஒரு பக்கம் தொங்கும். எல்லாப் பூவும் ஒரே திசையைப் பார்க்கட்டும்.

5. ஒரு அடிக்கு ஒருமுறை ஒரு முடிச்சு. எங்காவது நூல் அறுந்தாலும் அந்த அடியோடு போகும்.

6. கட்டி முடித்த சரங்களை நேராக, ஒன்றன்மேல் ஒன்று படாமல், நனைத்துப் பிழிந்த கோணியின் மேல் பரப்புங்கள். மேலே தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஏசி அறை வேண்டாம், இதழ் நுனி சுருங்கும். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம்.

மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், சரம் இரவில் காயாமல் நசநசவென்று இருக்கும். அப்போது கோணியை நனைக்காமல் செய்தித்தாள் மேல் பரப்புங்கள். காகிதத் தோரணம், அட்டை எழுத்து எல்லாம் அந்த மாதங்களில் இரவு ஈரத்தில் தொய்ந்துவிடும் என்பதால் காலையில்தான் மாட்ட வேண்டும்.

நிலைவாசலும் கோலமும்

மூன்றடி நிலைவாசலுக்கு இரண்டு அங்குலத்துக்கு ஒரு இலை என்றால் 18 இலை. மாவிலையைக் கழுவித் துடைத்து, காம்புப் பக்கம் ஒரு அங்குலம் சணல் கயிற்றின்மேல் மடித்து, ஈர்க்குச்சித் துண்டால் குத்துங்கள். ஸ்டேப்ளர் பின் அடித்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் இலை காயும்போது பின் கழன்று தரையில் விழும். வெறுங்காலோடு நடக்கிற வாசல் அது. குருத்தோலைத் தோரணம் சேர்த்தால் அழகு. மடிக்கும்வரை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், காய்ந்த குருத்து மடிப்பில் வெடிக்கும்.

ஃபிளாட் வாசலின் வழவழப்பான டைல்ஸில் உலர்ந்த கோலமாவு நிற்காது, நாலு பேர் நடந்தால் கலைந்துவிடும். இழைகோலம் போடுங்கள். ஒரு கைப்பிடி பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்து, துணியை நனைத்து மோதிர விரல் வழியே விடுங்கள். காய அரைமணி நேரம் வேண்டும். முந்தின இரவே போட்டு, காலையில் காவி பூசுங்கள். ஆனால் வெள்ளை மார்பிள் என்றாலோ டைல்ஸ் இடுக்கு வெள்ளையாக இருந்தாலோ காவி வேண்டாம், கறை போகவே போகாது. ஆரத்தியும் அப்படித்தான். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் சிவப்புத் தண்ணீர் ஒரு சொட்டு மார்பிளில் விழுந்தாலும் நின்றுவிடும். தட்டை ஏந்துபவர் நிற்கும் இடத்தில் ஒரு பாயைப் போடுங்கள்.

ரோஜா இதழைத் தரையில் தூவுவது போட்டோவுக்கு அழகு. நசுங்கின இதழ் டைல்ஸில் எண்ணெய் மாதிரி வழுக்கும். கர்ப்பிணி நடந்து வரும் வழியில் ஒரு இதழ் கூடக் கிடக்கக் கூடாது. ஆசையாக இருந்தால் நாற்காலிக்குப் பின்னால் தூவிக்கொள்ளுங்கள்.

உருளி

15 அங்குல உருளியில் முக்கால் பங்கு தண்ணீர். விளிம்பு வரை ஊற்றினால் பூ விளிம்புக்கு மேல் ஏறி நகரும். காம்பை ஒட்ட வெட்டின சாமந்தியை விளிம்பிலிருந்து உள்ளே அடுக்குங்கள். முதல் வளையம் சுமார் 20, அடுத்தது 14, அதற்கடுத்தது 8. நடுவிலிருந்து தொடங்கினால் பூக்கள் மிதந்து ஓரத்துக்குப் போய் வட்டமே நிற்காது. வெளி வளையம் நெருக்கமாக இருந்தால்தான் உள்வளையம் அசையாது.

நடுவில் தாமரை. மொட்டாக வாங்கினது தானாக விரியாது, இதழை மடித்துத்தான் திறக்க வேண்டும். வெளி இதழிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இதழின் நுனியையும் உள்ளே இரண்டு ஓரமும் சேரும்படி மடித்து அடியில் செருகுங்கள். விசேஷத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு மடித்தால் போதும். அழுத்தின இடம் சீக்கிரம் கறுக்கும். மூன்று மொட்டு வாங்கச் சொன்னது ஒன்று கிழியும், ஒன்று கறுக்கும் என்ற கணக்கில்தான்.

உருளியை நடைவழியில் வைக்காமல் சுவரோரம் வையுங்கள். வருகிற குழந்தைகள் கை விடாமல் இருக்க மாட்டார்கள். குத்துவிளக்கு புடவைத் திரையிலிருந்து மூன்றடியாவது தள்ளி நிற்கட்டும்.

வளையல்

வளையல் அளவு எண்களைப் பலர் தசமமாக நினைத்துக்கொள்கிறார்கள். 2-4 என்றால் உள்விட்டம் இரண்டு அங்குலமும் ஒரு அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் நாலு பங்கும், அதாவது இரண்டேகால் அங்குலம். 2-6 சுமார் 60 மில்லிமீட்டர். 2-8 என்பது இரண்டரை அங்குலம். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 2-4, 2-6 சரியாக இருக்கும். 40 பேருக்கு ஆளுக்கு அரை டஜன் என்றால் 20 டஜன்: 2-4 எட்டு டஜன், 2-6 எட்டு, 2-8 மூன்று, சிறுமிகளுக்கு ஒரு டஜன் சின்ன அளவு. கூடவே இரண்டு டஜன் 2-6 மிச்சத்துக்கு. உடையும்.

கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் கை வீங்கும். எப்போதும் போடும் அளவுக்கு ஒரு அளவு பெரிதாக எடுங்கள். 2-4 போடுபவருக்கு 2-6. வாங்கும்போது மாலையில் போட்டுப் பாருங்கள், காலையில் கை இளைத்திருக்கும், கணக்குத் தப்பும். நாற்பது பேர் ஆளுக்கு இரண்டு போட்டால் கையில் இடம் இருக்காது. முதல் ஐந்து அல்லது ஏழு சுமங்கலிகள் மட்டும் அடுக்கட்டும், மற்றவர்கள் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, ஆளுக்கு ஒரு வளையலைப் பக்கத்துத் தட்டில் வைத்து ஆசீர்வதிக்கட்டும். சில வீடுகளில் முதலில் வேப்பிலைக் காப்பு போடுவார்கள். ஈர்க்கைப் பச்சையாகவே வளைத்து நூல் சுற்றிவிடுங்கள், காய்ந்ததை வளைத்தால் ஒடிந்து கையைக் குத்தும்.

வளையலையே அலங்காரமாக்கவும் செய்யலாம். பச்சை, சிவப்பு வளையல்களைக் கனமான ரிப்பனில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோர்த்து, ஓரப் பூச்சரங்களின் நடுவே தொங்கவிடுங்கள். தலைக்கு மேல் வேண்டாம், கண்ணாடி. பூக்கம்பின் இரண்டு கோடியிலும் இருக்கட்டும். ஆடிப்பூரத்தில் அம்மனுக்கு வளையல் அலங்காரம் செய்யும் நாட்களில் மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் நிறம் நிறமாகக் குவிந்திருக்கும், ஆனால் அவசரத்தில் அளவு பார்க்க விடமாட்டார்கள்.

அன்றைய காலை

ஐந்தரைக்குப் புடவைத் திரை. ஆறுக்குச் செண்டுமல்லிச் சரங்கள், முதலில் நீளமானது, பிறகு குட்டை. வளைவுகளைக் கடைசியில். ஏழுக்குள் மாவிலை, உருளித் தண்ணீர், சாமந்தி. ஏழரைக்குப் பூக்காரம்மாவிடமிருந்து தலைப்பூ வந்திருக்க வேண்டும். ஏழே முக்காலுக்குத் தாமரை. எட்டுக்கு மேல் அலங்காரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது, அந்த நேரம் கர்ப்பிணிக்குப் பின்னல் போட்டுப் பூ வைக்க. தைத்த பூஜடை கனம், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும். நாலு முழச் சரத்தைப் பின்னலைச் சுற்றிக் குத்தினாலே நிறைவாக இருக்கும். கழுத்து மாலையும் ரோஜா இதழில் மெல்லியதாக, ஜிகினா இல்லாமல் சொல்லி வாங்குங்கள். ஜிகினா வேர்வையில் கழுத்தை அரிக்கும்.

எதிர்ச்சுவர் ஓரமாக ஒரு ஸ்டூலில் அவருடைய சிறுவயதுப் போட்டோவும், பிறந்தபோது பாட்டி தைத்த சட்டையோ, கால் கொலுசோ இருந்தால் அதையும் வையுங்கள். வந்தவர்கள் சித்திரான்னத் தட்டோடு அங்கேதான் கூடுவார்கள்.

முடிந்த பிறகு

முதலில் கண்ணாடித் துண்டுகள். பெருக்கினால் மட்டும் போதாது, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். அன்று மாலையே புடவைகளை இறக்கி, நிழலில் அரைநாள் காற்றாட விட்டு, ஈரப்புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பழைய மடிப்பில் மடிக்காமல் மாற்றி மடித்து வையுங்கள். பூக்களை நூல், ரிப்பன், ஈர்க்குச்சி நீக்கிவிட்டு மக்கும் குப்பையில் போடுங்கள். செடித்தொட்டி இருந்தால் செண்டுமல்லி இதழை உதிர்த்து மண்ணில் கலந்துவிடலாம். பருத்தி நூல் என்றால் ஒன்றிரண்டு தங்கினாலும் பாதகமில்லை. பக்கெட் மணலை லிஃப்டில் முழுசாக இறக்காமல் பை பையாகப் பிரித்து எடுத்துப் போங்கள்.